சன்சத் டிவி, சன்சத் வெப்சைட் ரிவ்யூ: டிவிய விட வெப்சைட்டுக்கு ஏன் ஒன்றரை ஸ்டார் கூட

போன், ஹோட்டல், ஓடிடி எல்லாத்துக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ எழுதுறோம், ஆனா நம்ம வரிப்பணத்துல ஓடுற, யார் வேணும்னாலும் காசில்லாம பாக்கக்கூடிய இந்த சர்வீஸ பத்தி தமிழ்ல விரிவா யாரும் எழுதி நான் பாக்கல, அதான் எழுதுறேன். சன்சத் டிவி தெரிஞ்சிருக்கும், பார்லிமெண்ட் நடக்குறப்ப லைவ் போடுற சேனல். முன்னாடி லோக்சபா டிவி (2006), ராஜ்யசபா டிவி (2011)னு ரெண்டா இருந்துச்சு, 2021 செப்டம்பர் 15ல ஒண்ணாக்கிட்டாங்க, யூடியூப்லயும் லைவ் வருது. இதோட சேந்தது தான் சன்சத் டாட் இன்ங்குற வெப்சைட். மசோதா, கேள்வி பதில், விவாதம், கமிட்டி அறிக்கை, இன்னிக்கு அவையில என்னென்ன எடுக்கப் போறாங்கங்குற அலுவல் பட்டியல் எல்லாம் அங்க இருக்கு.

மார்க்க முதல்லயே சொல்லிடுறேன். டிவிக்கு அஞ்சுக்கு மூணு, வெப்சைட்டுக்கு நாலரை. நம்ம அரசியலமைப்பு பார்லிமெண்ட்டுக்கு என்னென்ன அதிகாரம் குடுத்திருக்குன்னு ஸ்கூல் புக்லயே லிஸ்ட் இருக்கு: சட்டம் போடலாம், வரி போடலாம், அரசாங்கத்த கவுக்கலாம், ஜனாதிபதிய நீக்கலாம், அரசியலமைப்பையே திருத்தலாம். ஆனா அந்த அதிகாரத்த நெஜமா எப்படி யூஸ் பண்றாங்க, எங்க யூஸ் பண்ணாம விடுறாங்கன்னு பாக்கணும்னா இந்த ரெண்டு இடத்துக்கு தான் வரணும். அதுல முக்கால்வாசி வெப்சைட்ல தான் இருக்கு, டிவில இல்ல.

டிவில இருந்து ஆரம்பிக்கலாம். நல்ல விஷயம் என்னன்னா நடுவுல ஆங்கர் வந்து விளக்கம் குடுக்க மாட்டாங்க, நாலு பேர் ஸ்டுடியோல உக்காந்து கத்த மாட்டாங்க, அவை நடக்குறது நடக்குற மாதிரியே வரும். பாக்குறதுன்னா கேள்வி நேரம் பாருங்க, மக்களவையில காலையில 11 மணிக்கு, மாநிலங்களவையில 2014ல இருந்து மதியம் 12 மணிக்கு. மத்த நேரம் யார் வேணா பேப்பர பாத்து படிச்சிட்டுப் போயிடலாம், கேள்வி நேரத்துல அது முடியாது, ஏன்னா நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் நேர்ல பதில் சொல்லணும், அதுக்கு மேல துணைக் கேள்வி வரும், அந்தத் துணைக் கேள்வி என்னன்னு அமைச்சருக்கு முன்கூட்டியே தெரியாது. துறைய உண்மையிலேயே தெரிஞ்ச அமைச்சர் யாரு, அதிகாரி எழுதிக் குடுத்தத வாசிக்கிறவர் யாருன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும். 75வது ஷரத்துல அமைச்சரவை மக்களவைக்கு கூட்டாப் பொறுப்புன்னு எழுதியிருக்குல்ல, அத கண்ணால பாக்கக்கூடிய நேரம் இதான். 2020 செப்டம்பர் கூட்டத்தொடர்ல கொரோனாவ காரணம் காட்டி கேள்வி நேரத்தையே எடுத்துட்டாங்க, அப்ப எதிர்க்கட்சிகள் ஏன் அவ்வளவு எதிர்ப்பு தெரிவிச்சாங்கன்னு ஒரு நாள் முழுசா பாத்தீங்கன்னா புரியும்.

டிவிக்கு ரெண்டு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னா, அவையில அமளி வந்த உடனே கேமரா சபாநாயகர் மேலயே நிக்கும். யாரு நடுவுல வந்து நிக்குறாங்க, பதாகையில என்ன எழுதியிருக்கு, எதுக்காக போராடுறாங்கன்னு வீட்ல இருந்து பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சத்தம் மட்டும் லேசா கேக்கும். இது கேமரா குவாலிட்டி பிரச்சினை இல்ல, ஒளிபரப்பு மொத்தமும் அவைத் தலைவரோட கட்டுப்பாட்டுல இருக்குறதால வர்றது. 2023 டிசம்பர எடுத்துக்கங்க, ரெண்டு அவையிலயும் சேத்து 146 எம்பிக்கள சஸ்பெண்ட் பண்ணாங்க, அந்த வாரத்துலயே இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூணுக்கும் பதிலா வந்த புது மசோதாக்கள் நிறைவேறிடுச்சு. வெளியில என்ன நடக்குதுன்னு தெரியாம அன்னிக்கு டிவிய மட்டும் போட்டுப் பாத்திருந்தா அவை ரொம்ப அமைதியா, கட்டுப்பாடா நடக்குதுன்னு தான் நெனைச்சிருப்பீங்க.

இன்னொன்னு குரல் வாக்கெடுப்பு. "ஆம் என்போர் ஆம் என்க"ன்னு கேட்டு, சத்தத்த வச்சு முடிவு சொல்லிடுவாங்க, யார் எந்தப் பக்கம்னு பதிவே ஆகாது. நம்ம தொகுதி எம்பி அந்தச் சட்டத்துக்கு ஓட்டு போட்டாரா இல்லையான்னு எந்த ஆவணத்துலயும் இருக்காது. உறுப்பினர் யாராச்சும் எண்ணச் சொல்லிக் கேட்டா எண்ணுவாங்க, ஆனா யாரும் கேக்காமலே எண்ணியாக வேண்டியது அரசியலமைப்புத் திருத்த மசோதா. 368வது ஷரத்துப்படி அவையோட மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேலயும், வந்து ஓட்டு போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கும் வேணுங்குறதால எண்ணியே ஆகணும். அதனால டிவிய போட்டு உக்காரணும்னா திருத்த மசோதா வர்ற நாள்ல உக்காருங்க. 2023 செப்டம்பர் 20, புதுக் கட்டடத்துல ரெண்டாவது நாள், பெண்கள் இடஒதுக்கீட்டு மசோதா 454க்கு 2ன்னு மக்களவையில நிறைவேறிச்சு, அந்த எண்ணிக்கை ஸ்க்ரீன்ல வர்றத பாக்குறப்ப இந்த அமைப்பு மேல ஒரு மரியாதை வருது, உண்மையா சொல்றேன்.

இப்ப வெப்சைட்டுக்கு வர்றேன், இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

முதல்ல கேள்வி பதில். மக்களவையில ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாத கேள்வி, மாநிலங்களவையில 15, 160. வாய்மொழிக் கேள்வி ஒரு மணி நேரத்துல ஒரு சிலது தான் எடுக்க முடியும், மிச்சத்துக்கெல்லாம் எழுத்துல பதில் வரும், அது அத்தனையும் இங்க பிடிஎஃப்பா இருக்கு. உங்க எம்பி பேர போட்டுத் தேடலாம், துறை பேர போட்டும் தேடலாம். பதில் பெரும்பாலும் வழவழன்னு இருக்கும், அத விடுங்க, கடைசில இருக்குற இணைப்பு அட்டவணைக்குப் போங்க, மாநில வாரியா எவ்வளவு ஒதுக்குனாங்க, எவ்வளவு செலவாச்சு, எத்தன பணியிடம் காலின்னு இருக்கும். ஆர்டிஐ போட்டு மாசக்கணக்குல காத்திருக்குற விஷயம் பல நேரம் ஏற்கனவே யாரோ ஒரு எம்பி கேட்டு இங்க பதிலா கெடக்கும். ரிப்போர்ட்டர்ஸ் நெறைய பேர் செய்திய இங்க இருந்து தான் எடுக்குறாங்க.

அமைச்சர் பதில்ல "பரிசீலிக்கிறோம்", "தகவல் திரட்டி அவையில வைக்கிறோம்"னு சொன்னா அது வெறும் பேச்சு இல்ல, அது உறுதிமொழியா கணக்குல ஏறும், மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும், அத கண்காணிக்கவே அரசு உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்கு, அந்தக் குழுவோட அறிக்கையும் இதே சைட்ல கெடைக்கும். வருஷக்கணக்குல நிலுவையில நிக்குற உறுதிமொழிகள அதுல பாக்கலாம். உங்க ஊரு ரயில் பாதையோ ஆஸ்பத்திரியோ அந்த லிஸ்ட்ல இருக்கான்னு தேடிப் பாருங்க.

ஒரு கேள்விக்கு என்ன பலம் இருக்குன்னு சந்தேகம் இருக்குறவங்க பழைய விவாதத் தொகுப்புக்குப் போங்க, பார்லிமெண்ட்டோட டிஜிட்டல் லைப்ரரி தனியா இருக்கு, சுதந்திரத்துக்கு முந்தின காலத்து சட்டசபை விவாதங்கள் கூட ஸ்கேன் பண்ணி ஏத்தியிருக்காங்க. 1957 டிசம்பர்ல எல்ஐசி பணத்த முந்த்ராங்குற தொழிலதிபரோட கம்பெனிகள்ல போட்டது பத்தி மக்களவையில கேள்வி வந்துச்சு, பெரோஸ் காந்தி விடாம கிழிச்சாரு, அவர் ஆளுங்கட்சி எம்பி, பிரதமரோட மருமகன். விசாரணை கமிஷன் போட்டாங்க, 1958 பிப்ரவரில நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா பண்ணாரு. ஆளுங்கட்சி ஆளே தன் அரசாங்கத்த அந்த மாதிரி கேள்வி கேட்ட விவாதம் வார்த்தைக்கு வார்த்த அங்க இருக்கு. 1985ல 52வது திருத்தம் மூலமா கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததுக்கு அப்புறம், கொறடா உத்தரவ மீறி ஓட்டு போட்டா பதவியே போயிடுங்குற நெலமையில ஆளுங்கட்சி பெஞ்சுல இருந்து அந்தக் குரல் ஏன் அபூர்வமாயிடுச்சுன்னு ரெண்டு காலத்து விவாதத்தையும் பக்கத்துல வச்சுப் படிச்சா தெளிவா தெரியும்.

தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இந்த விவாதத் தொகுப்பு பெரிய பொக்கிஷம். 1999 ஏப்ரல் 17, அதிமுக ஆதரவ வாபஸ் வாங்குனதுக்கு அப்புறம் வாஜ்பாய் கொண்டு வந்த நம்பிக்கைத் தீர்மானம், 269க்கு 270, ஒரே ஓட்டுல ஆட்சி போச்சு. மெட்ராஸ் மாநிலத்துக்கு தமிழ்நாடுன்னு பேர் வைக்கச் சொல்லி 1963ல மாநிலங்களவையில அண்ணா பேசினது. சங்கரலிங்கனார் 1956லயே அதுக்காக உண்ணாவிரதம் இருந்து உயிர விட்டாரு, 1967ல சட்டமன்றம் தீர்மானம் போட்டுச்சு, ஆனாலும் பேர் மாறுறதுக்கு 3வது ஷரத்துப்படி பார்லிமெண்ட் தான் சட்டம் போடணும், 1968ல போட்டாங்க, 1969 ஜனவரி 14ல அமலுக்கு வந்துச்சு. அந்த 3வது ஷரத்து எவ்வளவு பெரிய அதிகாரம்னு பலருக்குத் தெரியாது. மாநிலத்தோட எல்லைய மாத்தலாம், ரெண்டா பிரிக்கலாம், பேர மாத்தலாம், சட்டமன்றத்துகிட்ட கருத்து கேக்கணும் அவ்வளவு தான், சம்மதம் வேணும்னு இல்ல. 2014ல தெலங்கானா அப்படித்தான் வந்துச்சு, ஆந்திர சட்டமன்றம் வேண்டாம்னு சொல்லியும் வந்துச்சு.

கச்சத்தீவு விவாதமும் அங்க இருக்கு. தேர்தல் வந்தா எல்லாரும் கச்சத்தீவு பத்தி பேசுறோம், 1974 ஜூலையில வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில அறிக்கை வச்சப்ப இரா.செழியனும், அப்ப ராமநாதபுரம் எம்பியா இருந்த பி.கே.மூக்கையா தேவரும் என்ன பேசினாங்கன்னு எத்தன பேர் படிச்சிருக்கோம்? நெலத்த இன்னொரு நாட்டுக்கு விட்டுக் குடுக்கணும்னா அரசியலமைப்பத் திருத்தணும்னு 1960லயே, மேற்கு வங்கத்துல இருக்குற பெருபாரிய பாகிஸ்தானுக்குக் குடுக்குற விவகாரத்துல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதுக்கப்புறம் தான் 9வது திருத்தம் வந்துச்சு, 2015ல வங்கதேசத்தோட நெலத்த மாத்திக்கிட்டப்ப கூட 100வது திருத்தம் கொண்டு வந்தாங்க. கச்சத்தீவுக்கு அப்படி எதுவும் நடக்கல, அது பிரச்சினைக்குரிய பகுதி, நம்ம நெலத்த விட்டுக் குடுக்கல, அதனால திருத்தம் தேவையில்லங்குறது அரசாங்கத்தோட நிலைப்பாடு. பார்லிமெண்ட்டோட அதிகாரம்னா என்ன, அத அரசாங்கம் சுத்திப் போறதுன்னா என்னன்னு இத விட நல்ல பாடம் கெடைக்காது.

1976 விவாதங்களையும் படிங்க. 42வது திருத்தம் தான் கல்விய மாநிலப் பட்டியல்ல இருந்து எடுத்து பொதுப்பட்டியல்ல போட்டுச்சு, இன்னிக்கு நீட் பிரச்சினையோட வேர் அங்க இருக்கு, பொதுப்பட்டியல்ல இருக்குற விஷயத்துல மத்திய சட்டத்தோட மோதுற மாதிரி மாநிலம் சட்டம் போட்டா 254வது ஷரத்துப்படி ஜனாதிபதி ஒப்புதல் இல்லாம அது நிக்காது. அந்த 42வது திருத்தம் நிறைவேறுன நேரத்துல எமர்ஜென்சி, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் ஜெயில்ல, தமிழ்நாட்டுல அந்த வருஷம் ஜனவரி 31லயே திமுக ஆட்சிய கலைச்சாச்சு, சட்டமன்றமே இல்ல. கல்விய நம்மகிட்ட இருந்து எடுத்தப்ப அதுக்கு ஆமான்னோ இல்லன்னோ சொல்ல நமக்குன்னு ஒரு சபை இல்லாம இருந்துச்சு. இத படிக்கும்போது எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

அடுத்து கமிட்டி அறிக்கைகள். துறை சார்ந்த நிலைக்குழு 24 இருக்கு, 1993ல 17ஆ ஆரம்பிச்சு 2004ல 24 ஆக்குனாங்க. கட்சி பேதம் இல்லாம எம்பிக்கள் உக்காந்து, துறை செயலாளர நேர்ல கூப்பிட்டு கேள்வி கேக்குற இடம் இது. கூட்டம் மூடின அறையில தான் நடக்கும், டிவில வராது, அறிக்கை மட்டும் வெளியில வரும். அரசாங்கக் கணக்க தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கைய ஆராயுற பொதுக் கணக்குக் குழுல 22 பேர், 1967ல இருந்து தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கு. இந்த அறிக்கைகளோட தரம் அவை விவாதத்த விட எங்கயோ மேல இருக்கு, அவையில ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிறவங்க இங்க ஒரே அறிக்கைய சேந்து குடுத்திருப்பாங்க. கஷ்டமான விஷயம் என்னன்னா மசோதாக்கள இங்க அனுப்புறது ரொம்பக் கொறைஞ்சிடுச்சு, 15வது மக்களவையில 71 சதவீதம், 17வதுல 16 சதவீதம்னு பார்லிமெண்ட் வேலைகள ஆராயுற பிஆர்எஸ் (PRS) அமைப்போட கணக்கு சொல்லுது.

தனிநபர் மசோதா பக்கத்தையும் ஒரு தடவ திறந்து பாருங்க, அமைச்சரா இல்லாத எம்பி யாரும் மசோதா கொண்டு வரலாம், வெள்ளிக்கிழமை மதியம் அதுக்குன்னே ஒதுக்கியிருக்கு. சட்டமா ஆனது மொத்தமே 14 தான், கடைசியா 1970ல. ஆனாலும் 2015 ஏப்ரல் 24ல நம்ம திருச்சி சிவா கொண்டு வந்த திருநங்கையர் உரிமை மசோதா மாநிலங்களவையில நிறைவேறிச்சு, 45 வருஷத்துல ஒரு அவையில நிறைவேறுன முதல் தனிநபர் மசோதா அது. அது அப்படியே சட்டமாகலன்னாலும் அரசாங்கம் தன் பங்குக்கு ஒரு மசோதா கொண்டு வந்து, 2019ல சட்டம் வந்துச்சு.

வெப்சைட்டுக்கு அரை ஸ்டார் ஏன் கொறைச்சேன்? ரெண்டு காரணம். ஒண்ணு, பார்லிமெண்ட் என்ன செஞ்சதுன்னு மட்டும் தான் இங்க தெரியும், கோர்ட் அத என்ன பண்ணுச்சுன்னு தெரியாது. நீதிபதிகள் நியமனத்துக்கான 99வது திருத்தம் 2014ல ரெண்டு அவையிலயும் நிறைவேறிச்சு, 2015 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, இங்க மசோதா பக்கத்த மட்டும் பாத்தா அந்த ரெண்டாவது பாதி கெடைக்காது. 1973 ஏப்ரல் 24ல கேசவானந்த பாரதி வழக்குல 13 நீதிபதிகள் 7க்கு 6ன்னு சொன்ன தீர்ப்புப்படி அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்ப பார்லிமெண்ட்டால தொட முடியாது. நம்ம 69 சதவீத இடஒதுக்கீடும் இதே கதைக்குள்ள தான் இருக்கு. 1951ல செண்பகம் துரைராஜன் வழக்குல வகுப்புவாரியா இடம் ஒதுக்குன மெட்ராஸோட கம்யூனல் ஜிஓ அடிபட்டப்ப, பார்லிமெண்ட் முதல் திருத்தத்துலயே 15(4)அ சேத்து இடஒதுக்கீட்ட காப்பாத்துச்சு. 1994ல 76வது திருத்தம் போட்டு நம்ம 69 சதவீத சட்டத்த, கோர்ட்ல இருந்து சட்டங்களுக்குப் பாதுகாப்பு குடுக்குற ஒன்பதாவது அட்டவணைக்குள்ள வச்சுது. ஆனா 2007ல, அதுவும் தமிழ்நாட்டுல இருந்து போன கோயல்ஹோ வழக்குல தான், 1973 ஏப்ரல் 24க்கு அப்புறம் அந்த அட்டவணையில சேத்த சட்டங்கள கோர்ட் ஆராயலாம்னு தீர்ப்பு வந்துச்சு. அதனால இந்த சைட்ட படிக்கிறவங்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளையும் சேத்து தான் படிக்கணும், குறிப்பா யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி படிக்கிற தம்பி தங்கச்சிங்க.

ரெண்டாவது காரணம் மொழி. ஆவணங்கள் பெரும்பாலும் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் தான். அவைக்குள்ள எம்பிக்களுக்கு தமிழ் உட்பட பல மொழிகள்ல உடனடி மொழிபெயர்ப்பு வந்தாச்சு, 120வது ஷரத்துப்படி அவைத் தலைவர் அனுமதியோட தாய்மொழியில பேசலாம், நம்ம எம்பிக்கள் தமிழ்ல பேசவும் செய்றாங்க, ஆனா அச்சான பதிவுல பல இடங்கள்ல தமிழ்ப் பேச்சு ஒரு நட்சத்திரக் குறியோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பா தான் இருக்கு. தொகுதிக்காரங்க புரிஞ்சுக்கணும்னு தமிழ்ல பேசின பேச்ச அதே தொகுதிக்காரங்க தமிழ்ல படிக்க முடியலன்னா எப்படி? மசோதா அறிமுகமாகுற அன்னிக்கே தமிழ்லயும் ஏத்தணும், விவாதப் பதிவுல பேசின மொழியும் இருக்கணும், இது ரெண்டும் வந்தா அந்த அரை ஸ்டாரையும் சேத்து குடுத்துடலாம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க பட்ஜெட் கூட்டத்தொடர்ல ஆரம்பிங்க. 265வது ஷரத்துப்படி சட்டம் இல்லாம ஒரு பைசா வரி வாங்க முடியாது, ஒவ்வொரு துறைக்கான மானியக் கோரிக்கையும், அதாவது அந்தத் துறை செலவுக்குக் கேக்குற பணத்தையும், மக்களவை ஓட்டு போட்டுக் குடுத்தா தான் பணம் எடுக்க முடியும், மாநிலங்களவை பேசலாம், ஓட்டு கெடையாது. ஒரு துறையோட கொள்கையே பிடிக்கலன்னா அந்தக் கோரிக்கைய ஒரு ரூபாயா கொறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் குடுக்கலாம், ஒரு குறையச் சுட்டிக்காட்டணும்னா 100 ரூபா கொறைக்கச் சொல்லலாம். காகிதத்துல இவ்வளவு இருக்கு, நடைமுறையில நேரம் முடிஞ்சதும் 'கில்லட்டின்'ங்குற பேர்ல, பேசாத துறைகள் எல்லாத்தையும் மொத்தமா ஓட்டுக்கு விட்டுடுவாங்க, 2018லயும் 2023லயும் ஒரு துறைய கூட விவாதிக்காம எல்லா மானியக் கோரிக்கையும் அப்படியே நிறைவேறிச்சு. அதனால கூட்டத்தொடரோட நடு இடைவேளையில நிலைக்குழுக்கள் ஒவ்வொரு துறையோட கோரிக்கையையும் ஆராய்ஞ்சு குடுக்குற அறிக்கைகள் தான் அந்தப் பணத்த பத்தி உருப்படியா யாராச்சும் கேள்வி கேட்டதுக்கான பதிவு. அறிக்கை நீளமா இருக்குன்னு பயப்படாதீங்க, பரிந்துரைகள மட்டும் தடிச்ச எழுத்துலயோ கடைசிப் பகுதியிலயோ தனியா குடுத்திருப்பாங்க, உங்களுக்கு சம்பந்தப்பட்ட ஒரே ஒரு துறைய எடுத்துக்கிட்டு அங்க இருந்து படிங்க.